வெளியே போகும் பெண்ணுக்கு ஒரு சீட்டு

அட்டையில் செய்த ஒரு வாசலில் நிறுத்தி என் மகளே என்னைத் திருப்பி அனுப்பினாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பன்னிரண்டு வயதுப் பெண், கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்தாள். கோபமெல்லாம் அந்த வாசலைக் கட்டிக்கொடுத்த அவளுடைய அப்பாமேல்தான். வருஷம் இரண்டு ஆகப்போகிறது, இன்னும் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ள வேண்டும் என்ற அவசரமும் எனக்கு இல்லை.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில். கணவர் ஐ.டி. கம்பெனியில் டீம் லீட். மகள் இங்கேயே பிறந்தவள். தமிழ் முழுக்கப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். கோயம்புத்தூரில் எனக்கு ஒரே அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவள், ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பா அம்மா போன பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான், அவ்வளவுதான்.

அந்த வருஷம் அக்காவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. முதலில் கீமோ, அது முடிந்ததும் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலைமுடி கொட்டியதைக்கூட அவள் வீடியோ காலில் சிரித்துக்கொண்டுதான் காட்டினாள். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஆபரேஷன் அன்னிக்கு மட்டும் நீ பக்கத்துல இருந்தீன்னா போதும் கண்ணு. மத்ததெல்லாம் நான் பாத்துக்குவேன்."

வாழ்க்கையில் யாரிடமும் எதுவும் கேட்காதவள் கேட்டது அது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்வதற்கு முன்னால் கணவரிடம் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை.

ஆனால் இந்த ஊரில் என் விசா அவருடைய விசாவில் தொங்குகிறது. டிபென்டென்ட் என்று அதற்குப் பெயர். எம்.எஸ்சி. படித்து, இங்கே வேலைக்கும் போய்க்கொண்டிருக்கிற நான், காகிதத்தில் அவரை அண்டிப் பிழைப்பவள். இங்கே இருக்கும்வரை ஒரு தொந்தரவும் இல்லை. வெளியே போனால்தான் வினை. பாஸ்போர்ட்டில் இருந்த முத்திரை காலாவதியாகிவிட்டதால், இந்தியாவுக்குப் போனால் அங்கே அமெரிக்கத் தூதரகத்தில் புதிதாக ஸ்டாம்பிங் வாங்கித்தான் திரும்பி வரமுடியும். அதற்கு, இவர் எங்களிடம்தான் வேலை செய்கிறார் என்று கணவருடைய கம்பெனி ஒரு லெட்டர் தரவேண்டும். ஒரு பக்கம், நாலு வரி. அதைப் போய்க் கேட்பதுதான் அவருக்கு மலையைப் புரட்டுகிற வேலையாகிவிட்டது.

"ஏங்க, லெட்டர் கேட்டீங்களா?"

"கேக்கறேன்மா. இப்ப டைமிங் சரியில்ல. லேஆஃப் ஓடிட்டு இருக்கு. இந்த நேரத்துல போய் லெட்டர் கேட்டா தேவையில்லாம நம்ம பேரு அவங்க கண்ணுல படும்."

அடுத்த வாரம் கேட்டால், மேனேஜர் லீவில் இருக்கிறாள். அதற்கு அடுத்த வாரம், குவார்ட்டர் எண்ட், காலாண்டுக் கணக்கு முடிக்கிற நேரம். பிறகு, ரீ-ஆர்க், டீம்களையெல்லாம் கலைத்து மாற்றுகிறார்களாம். ஒவ்வொரு முறையும் ஒரு சாக்கு, ஒவ்வொரு சாக்கும் நியாயமாகவே இருக்கும். அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். லெட்டர் பின்னால் மெயிலில் வந்தால் போதாதா என்று கேட்டேன். லெட்டர் கையில் இல்லாமல் போய் அங்கே மாட்டிக்கொண்டால் குழந்தையை யார் பார்ப்பது, இந்த வீட்டுக்கு யார் பதில் சொல்வது என்று திருப்பிக் கேட்டார். முடியாது என்று ஒரு நாளும் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

தெரிந்த பெண்கள் வாட்ஸ்அப்பில் அதற்கு மேல். "ரிஸ்க் எடுக்காதீங்க." "என் கசினோட ஃப்ரெண்டு போயி ஆறு மாசம் ஸ்டக் ஆயிட்டா." "வீடியோ கால்ல பாத்துக்கோங்க, இப்பல்லாம் நர்ஸே போன புடிச்சுக் காட்டறாங்க." கடைசியாகச் சொன்னவளுடைய வீட்டு வாசலுக்குப் போய் நாலு வார்த்தை கேட்கலாம் என்று காரில் ஏறியும்விட்டேன். பிறகு பெட்ரோல் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.

இந்த நிலையில்தான் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஜப்பான் பாடம் வந்தது. ஒரு மாலை முழுக்கப் பள்ளி ஜிம்மை, அந்தப் பெரிய விளையாட்டுக் கூடத்தை, பழைய ஜப்பானாக மாற்றுவார்கள், பிள்ளைகள் ஆளுக்கு ஒரு வேஷம், பெற்றோர்தான் குடிமக்கள். மகளுக்குக் கிடைத்தது சாமுராய்.

கணவருக்குத் தலைகால் புரியவில்லை. "வாள் செஞ்சுடலாம். ஃபோம் போர்டுல செஞ்சு சில்வர் ஸ்ப்ரே அடிச்சா சூப்பரா இருக்கும்" என்றார்.

மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தான் சண்டை போடுகிற சாமுராய் இல்லை, அரசாங்க அதிகாரி என்று ஆங்கிலத்தில் விளக்கினாள். தலைமுறை தலைமுறையாகப் போரே இல்லாத காலமாம் அது. சாமுராய்க்கு வெட்டுவதற்கு ஆள் இல்லை. அதனால் எல்லோரும் உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள். இடுப்பில் இரண்டு வாள் செருகியபடியே உட்கார்ந்து நெல்வரிக் கணக்குப் பார்த்தார்கள், வழக்கு விசாரித்தார்கள், மேலே அனுப்பவேண்டியதை மேலே அனுப்பினார்கள். சம்பளம் அரிசி. இன்றைய டோக்கியோதான் அன்றைய தலைநகரம் எடோ. அந்த நகரத்துக்கு இரண்டு நீதி அதிகாரிகள். ஒரு மாதம் இவர் வழக்கு கேட்கக் கதவைத் திறப்பார், அடுத்த மாதம் அவர், யாரும் ரொம்பப் பெரிய ஆளாகிவிடக் கூடாது என்று. அதிகாரிகளைக் கண்காணிக்கத் தனியாக அதிகாரிகள் வேறு.

"பேசிக்கலி தே வேர் லைக் யூ, டாட். தே ஹேட் மீட்டிங்ஸ்" என்றாள்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு வேறு என்பது அவருக்குத் தெரியவில்லை.

மகளுடைய வேலை ஹகோனே என்ற மலைப்பாதையில் இருந்த சோதனைச் சாவடியில். எடோவிலிருந்து வெளியே போகிறவர்களை நிறுத்திப் பார்க்கிற அதிகாரி. நாட்டில் உள்ள பிரபுக்கள் எல்லோரும் தங்கள் மனைவியையும் வாரிசையும் எடோவில் விட்டுவைக்க வேண்டுமாம். பெண்டாட்டி தலைநகரத்தில் இருக்கும்வரை எந்தப் பிரபுவும் வாலாட்ட மாட்டான். அதனால் சாவடியில் முக்கியமாகப் பார்க்கவேண்டியது இரண்டே விஷயம்: உள்ளே வருகிற துப்பாக்கி, வெளியே போகிற பெண்.

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

"வெளிய போற பொம்பளைய எப்படிப் பாப்பாங்க?" என்று கேட்டேன்.

அவள் உற்சாகமாகச் சொன்னாள். பெண்ணுக்குத் தனிச் சீட்டு வேண்டும். அவளே போய் வாங்கிவிட முடியாது, அவளுக்காக இன்னொருவர் கேட்கவேண்டும். எடோக் கோட்டையில் இருக்கும் பெரிய அதிகாரி அதில் முத்திரை வைப்பார். எங்கே போகிறாள், எதற்குப் போகிறாள், முடி எப்படி, மச்சம் எங்கே, எல்லாம் அதில் இருக்கும். சாவடியில் அதற்கென்றே ஒரு பெண் இருப்பாள், அவள் பின்னலை அவிழ்த்துச் சீப்பை விட்டுப் பார்ப்பாள். ஒரு விவரம் தவறினாலும் திரும்பிப் போய் வேறு சீட்டு வாங்கி வரவேண்டும். ஆண்கள் தொப்பியைக் கழற்றி முகத்தைக் காட்டினால் பெரும்பாலும் போதும்.

என் கணவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "ஸோ இன்ட்ரஸ்டிங்" என்றார். இன்ட்ரஸ்டிங்காம். மாவை அப்படியே தூக்கி அவர் மூஞ்சியில் அடித்திருக்கலாம்.

அடுத்த இரண்டு சனி ஞாயிறும் அவர் கராஜை விட்டு வெளியே வரவில்லை. அட்டையும் மரச்சட்டமும் வாங்கி வந்து, இணையத்தில் படம் பார்த்து, அளவெடுத்து, ஆளுயரத்துக்கு மேல் ஒரு வாசல் கட்டினார். கறுப்புப் பெயின்ட் இரண்டு பூச்சு. கதவுக்கு நிஜக் கீல். கீல் கிறீச்சிடுகிறது என்று எண்ணெய் போட்டார், பிறகு கிறீச்சிட்டால்தான் பழைய வாசல்போல இருக்கும் என்று எண்ணெயைத் துடைத்தார். பள்ளிக்கூடத்துக்கு மெயில் எழுதி, ஜிம் கதவு எவ்வளவு அகலம் என்று கேட்டுக்கொண்டார். பார்த்தீர்களா, மெயில் எழுத அவருக்கு வரும். கேட்க வரும். யாரிடம், எதற்கு என்பதில்தான் விஷயம்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அக்காவுக்கு ஆபரேஷன். பள்ளி நிகழ்ச்சி செவ்வாய் சாயங்காலம். திங்கட்கிழமை நான் கடைசியாகக் கேட்டபோது, "நாளைக்கு மேனேஜரோட ஒன்-ஆன்-ஒன் மீட்டிங் இருக்கு, அதுல பக்குவமா எடுத்துப் பேசறேன்" என்றார். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தவரிடம் கேட்டேன். அந்த மீட்டிங்கில் வேறு பேச்சு வந்துவிட்டது என்றார். புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஜிம்முக்குள் பாதி இந்தியா இருந்தது. ஒரு மேஜையில் நெல்வரி அதிகாரி, ஒரு மேஜையில் நீதி அதிகாரி, எல்லாரும் பன்னிரண்டு பதின்மூன்று வயது. கோடி மூலையில் என் கணவர் கட்டிய வாசல். அதற்கு அந்தப் பக்கம் சமோசாவும் பீட்சாவும். அந்த வாசலைத் தாண்டாமல் யாருக்கும் சாப்பாடு இல்லை என்பது விதி. அம்மாக்கள் எல்லோருக்கும் ஒரே வேஷம்தான், எடோவை விட்டு வெளியே போகும் பெண். டீச்சர் எங்கள் ரவிக்கையில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார், அப்பாக்களுக்கு ஆளுக்கொரு காகிதத் தொப்பி கொடுத்தார்.

சீட்டு கொடுக்கும் பெரிய அதிகாரி ஒரு குண்டுப் பையன். தலையில் கறுப்புக் காகிதத் தொப்பி, முன்னால் ரப்பர் ஸ்டாம்ப். அம்மாக்கள் வரிசையில் நிற்கக் கூடாது. அப்பாக்கள்தான் போய்க் கேட்கவேண்டும். நான் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் வரிசையில் நின்றார். அவர் முறை வந்ததும் தரையில் மண்டியிட்டார். இரண்டு கையையும் முன்னால் ஊன்றி நெற்றி தரையில் படுகிற மாதிரி கும்பிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ வீடியோ எடுத்தார்கள். நல்ல கணீர்க் குரலில், தன் மனைவி வெளியூர் போக உத்தரவு வேண்டும், தயவுசெய்து கொடுக்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒரு தடுமாற்றம் இல்லை. அந்தப் பையன் முத்திரை குத்திக் கொடுத்தான்.

மாதக்கணக்காக நான் கெஞ்சியது அதே வாக்கியத்துக்குத்தான். அதை அவரால் அவ்வளவு அழகாகச் சொல்லமுடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் சிரித்துக்கொண்டே வந்து சீட்டை என் கையில் கொடுத்து, "போ, ஜம்முனு போ" என்றார்.

நான் அவரைப் பார்க்காமல் வாசலுக்குப் போனேன்.

மகள் ஒரு சின்ன ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய தோழி கையில் சீப்பு. கொஞ்சம் தள்ளி ஒரு பெண் அட்டையில் காகிதம் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் அதிகாரிகளைக் கண்காணிக்கும் அதிகாரி, யாராவது விதியை மீறினால் மார்க்கைக் குறைப்பாள். தோழி என் கொண்டையைப் பிரித்துச் சீப்பை விட்டுப் பார்த்தாள். மன்னித்துக்கொள்ளுங்கள் ஆன்ட்டி என்று காதோரம் சொன்னாள். மகள் சீட்டைப் படித்தாள். கன்னத்து மச்சத்தைச் சரிபார்த்தாள். பிறகு, எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டாள்.

"எங்க அக்காவுக்கு ஆபரேஷன்" என்றேன். தமிழில்தான் சொன்னேன். என் வாயில் வேறு எதுவும் வரவில்லை.

மகள் சீட்டைத் திரும்பப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. அதில் கோயில் யாத்திரை என்று எழுதியிருந்தது. என் கணவர் அந்தப் பையனிடம் அப்படிச் சொல்லித்தான் வாங்கியிருக்கிறார். விளையாட்டில்கூட, ஒரு சின்னப் பையனிடம்கூட, பிரச்சினை வராத காரணமாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். என் அக்காவை அவர் அந்தச் சீட்டில்கூட எழுதவில்லை.

மகள் கண்காணிக்கும் பெண்ணைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பது அவளுக்குத் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இட் டஸன்ட் மேட்ச்" என்றாள். பிறகு ரொம்ப மெல்ல, "ஐ கான்ட், அம்மா."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "மகள்னாலும் ரூல் ரூல்தான்" என்று ஒரு அங்கிள் சொன்னார். நான் திரும்பி என் கணவரைத் தேடினேன். அவர் தொப்பியைக் கழற்றிக் காட்டிவிட்டு எப்போதோ வாசலுக்கு அந்தப் பக்கம் போயிருந்தார். கையில் சமோசா.

அங்கேயே கத்திவிட்டேன். என்னென்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. "இந்தப் பையன் கால்ல விழத் தெரியுது, அங்க வாயத் திறந்து ஒரு வார்த்தை கேக்கத் தெரியலயா?" என்றது நினைவிருக்கிறது. ஜிம்மில் இருந்த தமிழர்கள் எல்லோருக்கும் புரிந்தது. புரியாதவர்களுக்கும் புரிந்திருக்கும். தலை விரிந்துகிடக்க, ரவிக்கையில் ஸ்டிக்கரோடு நான் பார்க்கிங்குக்கு நடந்தேன்.

அவரும் மகளும் பின்னாலேயே வந்தார்கள். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும், "போன் பண்ணுங்க" என்றேன்.

"இப்பவா? ஆபீஸ் டைம் முடிஞ்சுடுச்சு. அவ என்ன நினைப்பா?"

"பண்ணுங்க. இல்லேன்னா போனக் குடுங்க, நான் பண்ணறேன்."

என் குரல் அவருக்குப் பயமாக இருந்திருக்கும். போன் போட்டார். காரின் ஸ்பீக்கரில் அந்த மேனேஜர் பேசினாள். பின்னணியில் நாய் குரைத்தது. அவர் பேச ஆரம்பித்தார், முதலில் தொந்தரவுக்கு மன்னிப்பு, பிறகு லேஆஃப் நேரம் என்று தெரியும் என்று ஒரு பீடிகை, அதன் பிறகு லெட்டர். அந்தப் பெண் அவரை முடிக்கவிடவில்லை. அதற்கு நான் எதற்கு என்றாள். கம்பெனி போர்ட்டலில் உன் பெயருக்குக் கீழேயே இருக்கிறது, அழுத்தினால் வந்துவிடும், யாரும் பார்க்கக்கூட மாட்டார்கள் என்றாள். பிறகு, வீட்டில் எல்லாம் நலமா என்று கேட்டாள். மனைவியின் அக்காவுக்கு ஆபரேஷன் என்று அவர் மென்று முழுங்கிச் சொன்னார். முன்னாடியே சொல்லியிருக்கலாமே, உன் மனைவியை உடனே அனுப்பு என்றாள்.

போனை வைத்துவிட்டு அவர் போர்ட்டலைத் திறந்தார். லெட்டர் உடனே வந்தது. அவர் முகத்தில் சந்தோஷம்! என்னிடம் திரையைத் திருப்பிக் காட்டி, "பாத்தியா, கிடைச்சிடுச்சு" என்றார்.

அந்த நிமிஷம் அந்த மனிதரோடு இனி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று நினைத்தேன். வாசலில் ஒரு கொடுங்கோலன் நின்று என்னைத் தடுத்திருந்தால் பரவாயில்லை, அவனைச் சபித்துவிட்டு இருந்திருப்பேன். அங்கே யாருமே நிற்கவில்லை. என் வீட்டுக்காரர் தானே ஒரு வாசல் கட்டி, தானே கறுப்புப் பெயின்ட் அடித்து, அதற்கு இந்தப் பக்கம் என்னை நிறுத்தி வைத்திருந்திருக்கிறார்.

பின் சீட்டிலிருந்து மகள் கேட்டாள். "ஸோ யூ நெவர் ஆஸ்க்ட்?"

அவர் காரை ஸ்டார்ட் பண்ணினார்.

அன்றைக்கே டிக்கெட் போட்டேன், புதன்கிழமை கிளம்பினேன். அவரே ஏர்போர்ட்டுக்கு டிரைவ் பண்ணி வந்து, லெட்டரை இரண்டு பிரதி எடுத்துப் பையில் வைத்தார். திரும்பி வர ஸ்டாம்பிங்குக்குக் காத்திருந்து எனக்கு மூன்று மாதம் ஆனது. அதை அவர் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார், பார்த்தாயா, நான் பயந்ததில் நியாயம் இருந்தது என்று. இருந்துவிட்டுப் போகட்டும். பயத்தை என்னிடம் சொல்லி, நானும் சேர்ந்து பயந்து, பிறகு நானே முடிவு எடுத்திருப்பேன். அந்த முடிவை என் கையில் அவர் கொடுக்கவே இல்லை.

சென்னையில் இறங்கி அடுத்த விமானம் பிடித்துக் கோயம்புத்தூர் போய்ச் சேரும்போது வெள்ளிக்கிழமை மதியம் தாண்டிவிட்டது. ஆபரேஷன் காலையிலேயே முடிந்திருந்தது. உள்ளே கூட்டிப்போகும் முன், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா, தான்தான் அக்காவின் தங்கச்சி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவரே வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "நீ வர்றவரைக்கும்னு சொல்லித்தான் போட்டேங் கண்ணு" என்றார். எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ளத்தான் முடிந்தது.

அக்கா மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது சாயங்காலம். முடியில்லாத தலையில் ஒரு பச்சைத் துணித் தொப்பி. இடது பக்கம் முழுக்கக் கட்டு. என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாக்கு உலர்ந்து, குரல் எழும்பவில்லை. நான் குனிந்து காதை அவள் வாயருகே வைத்தேன்.

"ஏங் கண்ணு, நேரத்துல அனுப்ப மாட்டேன்னுட்டாங்களா?"

"இல்லக்கா" என்றேன். "அவங்ககிட்ட யாரும் கேக்கவே இல்ல."